ஒப்புக்கொடுத்தேன்... ஆனாலும் தூக்கம் வரவில்லை!

தென்மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஒரே மகன். பிறந்த அன்றே அவனைக் கையில் ஏந்தி, ‘ஆண்டவரே, இவனை டாக்டராக்கி உமது ஊழியத்துக்கே ஒப்புக்கொடுக்கிறேன்’ என்று ஜெபித்தாராம். பையன் இரண்டு முறை நீட் எழுதிவிட்டான். சீட் கிடைக்கிற அளவுக்கு மார்க் வரவில்லை. மூன்றாம் முறை கோச்சிங்கில் சேரச் சொன்னால், ‘எனக்கு இது வேண்டாம்மா, நான் கேட்டரிங் படிக்கிறேன்’ என்கிறான். வீட்டில் ஒரு மாதமாகச் சரியான பேச்சு இல்லை.

கடிதத்தின் கடைசி வரிகள் இவை: ‘தினமும் முழங்காலில் நின்று எல்லாவற்றையும் கர்த்தரிடம் ஒப்புக்கொடுக்கிறேன். ஆமென் சொல்லி எழுந்ததும் அதே பாரத்தைத் திரும்பத் தூக்கிக்கொள்கிறேன். ராத்திரி தூக்கம் இல்லை. என் விசுவாசத்தில் குறையா?’

கேள்வி இவருடையது மட்டுமல்ல. மகளுக்கு வரன் தேடுகிறவர்கள், ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிறவர்கள், கடனை எப்படி அடைப்பது என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு இரவில் இதைக் கேட்டிருப்பார்கள். ‘ஒப்புக்கொடுத்தல்’ என்பது ஆலயத்தில் நாம் அடிக்கடி கேட்கிற வார்த்தை. ஆராதனையில் கைகளை உயர்த்திச் சொல்லிவிடுகிறோம். வீட்டுக்கு வந்த பிறகு அதை எப்படிச் செய்வது என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை.

தையற்காரரிடம் துணியைக் கொடுக்கிறோம். கொடுத்துவிட்டு ஒரு முனையை நம் கையிலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டால் அவர் எப்படி வெட்டுவார், எப்படித் தைப்பார்? நம்முடைய ஒப்புக்கொடுத்தல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த முனையை விடுவது எப்படி? அதைச் சொல்ல, நம் மண்ணிலேயே நடந்த ஒரு வாழ்க்கையைப் பார்க்கலாம்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இருக்காது. அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870 டிசம்பரில் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா ஜான் ஸ்கடர், 1819-ல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த மிஷனெரி டாக்டர். அப்பாவும் மிஷனெரி டாக்டர். பெரியப்பாக்கள் என்று குடும்பமே ஊழியத்தில் இருந்தது.

அந்தக் குடும்பத்தில் பிறந்த ஐடாவுக்கு மட்டும் இந்தியாவே வேண்டாம் என்றிருந்தது. சின்ன வயதில் இங்கே கண்ட பஞ்சம், பசித்த பிள்ளைகளின் முகங்கள், பிறகு பெற்றோர் ஊழியத்துக்குத் திரும்பியபோது அமெரிக்காவில் உறவினர் வீட்டில் தனியே விடப்பட்ட ஏக்கம் எல்லாம் மனதில் இருந்தன. படிப்பு, நல்ல இடத்தில் திருமணம், அமெரிக்காவில் வசதியான வாழ்க்கை என்று ஒரு திட்டம் வைத்திருந்தார். 1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பதற்காகத் திண்டிவனத்துக்கு வந்தார். அம்மா தேறியதும் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் எண்ணம்.

அங்கே ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. வாசலில் ஒரு பிராமண இளைஞர். மனைவிக்குப் பிரசவ வேதனை, நிலைமை மோசம், வந்து பார்க்க வேண்டும் என்றார். ‘எனக்கு வைத்தியம் தெரியாது. என் அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்’ என்றார் ஐடா. வேற்று ஆண் என் மனைவியைப் பார்ப்பதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லி அவர் போய்விட்டார். சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் பெரியவர் வந்தார். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. பிறகு இன்னொரு உயர்சாதி இந்து. அவரும் அப்படியே திரும்பினார்.

விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. விசாரிக்க ஆள் அனுப்பினார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அந்த இரவு முழுவதும் ஐடா தூங்கவில்லை. ஜெபித்தார், தன்னோடு போராடினார். காலையில் பெற்றோரிடம் போய், தான் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து இந்தியப் பெண்களுக்காகத் திரும்பி வரப்போவதாகச் சொன்னார்.

இந்தக் கதையைப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அந்தக் காலையோடு கதை முடிந்துவிடும். நமக்கு வேண்டிய பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கையைக் கட்டிக்கொள்வதா?

ஐடா ஒப்புக்கொடுத்த மறுநாளே ஆஸ்பத்திரி எழும்பிவிடவில்லை. 1895-ல் பிலடெல்பியாவிலுள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தபோது அங்கே மாறினார். 1899-ல் பட்டம் வாங்கினார். புறப்படும் முன் ஆஸ்பத்திரி கட்ட நன்கொடை தேடி அலைந்தார். ஷெல் என்ற வங்கியாளர் தம் மறைந்த மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அந்த இரவுக்கும் இந்த நாளுக்கும் நடுவே ஏறக்குறைய பத்து வருட உழைப்பு.

ஒப்புக்கொடுப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்தப் பெண் கையைக் கட்டிக்கொள்ளவில்லை. அவர் விட்டது தன் வாழ்க்கை எங்கே போக வேண்டும் என்ற முடிவை. உழைப்பை விடவில்லை. முன்பு தனக்காகப் போட்டிருந்த திட்டத்துக்குத் தேவைப்பட்டிருக்கக்கூடிய உழைப்பைவிடப் பல மடங்கு அதிகமாகவே உழைக்க வேண்டியிருந்தது.

விவசாயிக்கு இது நன்றாகத் தெரியும். உழுவதும், விதைப்பதும், களை எடுப்பதும் அவர் வேலை. மழை அவர் கையில் இல்லை. மழை தன் கையில் இல்லை என்பதற்காக அவர் உழாமல் இருப்பதில்லை. உழுதுவிட்டோம் என்பதற்காக மேகத்தைக் கயிறு போட்டு இழுக்கவும் போவதில்லை.

ஐடா 1900-ம் ஆண்டின் தொடக்கத்தில் வந்து இறங்கினார். அனுபவமுள்ள அப்பாவின் பக்கத்திலிருந்து வேலை கற்றுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையோடு வந்தவர். சில மாதங்களிலேயே அப்பா இறந்துபோனார். ஆண்டவருக்காக எல்லாவற்றையும் விட்டு வந்த பிள்ளைக்கு வந்த வரவேற்பு இது. புதிய பெண் டாக்டரை நம்பி நோயாளிகள் உடனே வந்து குவியவும் இல்லை. வேலூரில் வீட்டின் ஒரு சின்ன அறையில் சிகிச்சையைத் தொடங்கினார். 1902-ல்தான் 40 படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை திறந்தது.

ஒப்புக்கொடுத்தால் வழி எல்லாம் சீராகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், இந்த 1900-ம் வருடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

பயந்தால் விசுவாசம் இல்லையா?

சகோதரியின் கேள்விக்கு வருவோம். தூக்கம் வராதது விசுவாசக் குறைவா?

கெத்செமனே தோட்டத்துக்குப் போய்ப் பார்ப்போம். கெத்செமனே என்றால் எண்ணெய்ச் செக்கு என்று பொருள். ஒலிவப் பழங்கள் பிழியப்படுகிற இடம். அங்கே இயேசு தனியே விழுந்து ஜெபித்தார். ‘எனக்கு எந்தத் துக்கமும் இல்லை’ என்று அவர் காட்டிக்கொள்ளவில்லை. தம் ஆத்துமா படுகிற துயரத்தைச் சீடர்களிடம் வாய்விட்டுச் சொன்னார். இந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று முதலில் கேட்டார். அதன் பிறகுதான் பிதாவின் சித்தத்துக்குத் தம்மைக் கொடுத்தார். ஒருமுறை ஜெபித்ததோடு முடியவில்லை. எழுந்து சீடர்களிடம் வந்தார், திரும்பவும் போனார். மூன்று முறை ஜெபித்ததாக மத்தேயு எழுதுகிறார். வியர்வை இரத்தத் துளிகளைப் போல விழுந்தது என்று மருத்துவராகிய லூக்கா எழுதுகிறார். அந்த இரவில் நிம்மதியாகத் தூங்கியவர்கள் சீடர்கள்!

ஆகவே சகோதரி, தூக்கம் வரவில்லை என்பதை வைத்து உங்கள் விசுவாசத்தை அளக்காதீர்கள். வேண்டுமென்று நினைப்பதைப் பிதாவிடம் கேட்பது தவறில்லை. அழுது கேட்கலாம். ஒரே காரியத்தை மூன்று முறையும் கேட்கலாம். ஆசையே இல்லாதவர் போல் நடிப்பதை ஆண்டவர் நம்மிடம் எதிர்பார்க்கவில்லை. ஆசையை ஒளிக்காமல் அவர் முன் வைத்து, முடிவு அவருடையது என்று சொல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி.

கொடுத்ததைத் திரும்பக் கொடுப்பது

ஐடாவின் வாழ்க்கையில் இரண்டாவது ஒப்புக்கொடுத்தல் ஒன்று வந்தது. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. முதலாவதைவிட அது கடினமானதாகவே எனக்குத் தோன்றுகிறது.

1918-ல் அவர் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். முதலில் சேர்ந்தவர்கள் 17 பெண்கள். அந்த மூன்று பெண்களின் மரணத்துக்கு அவர் கொடுத்த பதில் இது. பெண்களைப் பார்க்கப் பெண் டாக்டர்கள் வேண்டும். அதற்காகவே ஒரு பள்ளி. இருபது வருடம் அதை வளர்த்தார்.

1930-களின் கடைசியில் சிக்கல் வந்தது. அங்கே நடந்துவந்தது பட்டயப் படிப்பு. இனி பல்கலைக்கழகப் பட்டமான எம்.பி.பி.எஸ். மட்டும்தான் என்று அரசாங்கம் முடிவு செய்தது. அதற்கு உயர் பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும், பெரிய மருத்துவமனை வேண்டும், அதற்கேற்ற பணம் வேண்டும். இல்லாவிட்டால் பள்ளியை மூட வேண்டியதுதான். எழுபது வயதில் ஐடா மறுபடி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறி நிதி திரட்டினார். 1942-ல் எம்.பி.பி.எஸ். தொடங்கியது.

இதற்கிடையே இன்னொரு கேள்வி. எல்லா மிஷன்களும் சேர்ந்து தாங்கினால்தான் கல்லூரி நிலைக்கும். அப்படியானால் ஆண்களையும் சேர்க்க வேண்டும். பெண்களுக்கென்றே பணம் கொடுத்துப் பல வருடம் தோள் கொடுத்த அமெரிக்கப் பெண்கள் சிலர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். நெருங்கிய நட்பிலேயே விரிசல் விழுந்தது. ஒரு பக்கம் வாழ்நாள் கனவு, மறுபக்கம் அந்தக் கனவைவிடப் பெரிதாகத் தெரிந்த தேவை. கடைசியில் அவர் விட்டுக்கொடுத்தார். 1947-ல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள். பின்னாளில் டாக்டர் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண்மணி அந்த நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றார். ஐடா 1960-ல் கொடைக்கானலில் காலமானபோது, அவர் ஆரம்பித்தது அவர் நினைத்த உருவத்தில் இல்லை. அதைவிடப் பெரிதாக இருந்தது.

உலகத்தை விடுவது ஒரு விதம். ஆண்டவரே கொடுத்தார் என்று நாம் நம்புகிற ஒன்றை, ‘இது இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்ற நம் பிடியிலிருந்து விடுவது வேறு விதம். ஊழியம், சபைப் பொறுப்பு, பிள்ளைகள் எல்லாம் இதில் அடங்கும்.

சகோதரி, கோபித்துக்கொள்ளாமல் யோசியுங்கள். மகன் பிறந்த அன்று நீங்கள் ஆண்டவரிடம் கொடுத்தது எதை? மகனையா, அல்லது மகனின் பெயர் எழுதிய ஒரு திட்டத்தையா? ‘டாக்டராக்கி’ என்ற சொல்லை அந்த ஜெபத்தில் சேர்த்தது யார்? பிள்ளையை ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டு, அவனை என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியலையும் அவர் கையில் கொடுத்திருக்கிறோமோ?

விடை கிடைக்காத இடம்

இன்னொன்றையும் சொல்லாமல் போனால் இது பாதிக் கதை. அந்த மூன்று பெண்களும் இறந்தே போனார்கள். பெரிய மருத்துவமனை வர வேண்டும் என்பதற்காக ஆண்டவர் அவர்களை எடுத்துக்கொண்டார் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. அவர்களைக் கொன்றது அந்தக் காலத்து வழக்கமும் பெண் மருத்துவர் இல்லாத குறையும். ஆண்டவர் செய்தது, அந்த மரணங்களைக் கண்ட ஒரு பெண்ணின் இருதயத்தைத் தட்டியது. துக்க வீட்டுக்குப் போய், ‘எல்லாம் அவர் சித்தம்’ என்று ஒரே வரியில் முடிக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பாருங்கள். அயர்லாந்திலிருந்து வந்து, 1901 முதல் நெல்லைச் சீமையில் ஆபத்திலிருந்த பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தவர். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடப் போனபோது, இருட்டும் நேரத்தில் அங்கே தோண்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது. சில வாரத்தில் எழுந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எத்தனையோ பேர் ஜெபித்தும், 1951 ஜனவரியில் கண்மூடும் வரை ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் தம் அறையிலேயே கழித்தார். ஓடி ஓடி உழைத்தவருக்கு ஒரு கட்டில்தான் மிஞ்சியது. அங்கிருந்தே பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களை எழுதினார், பிள்ளைகளுக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். அவர் கல்லறையில் பெரிய நினைவுச் சின்னம் இல்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியும் ‘அம்மை’ என்ற சொல்லும்தான்.

ஏன் அந்தக் குழி? பதில் இல்லை. அவர் நம்பியது பதிலை அல்ல, ஆண்டவரை. இரண்டும் ஒன்றல்ல.

ஒரு எச்சரிக்கை

‘ஒப்புக்கொடு’ என்ற வார்த்தையை ஆயுதமாக எடுப்பவர்களும் உண்டு. அடிக்கிற கணவனைச் சகித்துக்கொள்வதுதான் ஒப்புக்கொடுத்தல் என்று சொல்வார்கள். சர்க்கரை மாத்திரையை நிறுத்து, விசுவாசித்தால் போதும் என்பார்கள். சேமிப்பைக் காணிக்கையாகப் போடு, தேவன் இரட்டிப்பாகத் தருவார் என்பார்கள். தேவனிடம் நம்மைக் கொடுப்பதும், அவர் பெயரைச் சொல்கிற மனிதர்களிடம் நம்மைக் கொடுப்பதும் ஒன்றல்ல. உயிருக்கு ஆபத்து என்றால் வெளியே வாருங்கள், உதவி கேளுங்கள். மருந்தை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். அந்த மூன்று பெண்களுக்காகக் கலங்கிய ஐடா, ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் மருத்துவம் படிக்கப் போனார் என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு நாளைக்கு ஒரு படி

இஸ்ரவேலருக்கு வனாந்தரத்தில் மன்னா கிடைத்தது. ஒவ்வொரு காலையும் அன்றைக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாளைக்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்தது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தைய நாள் மட்டும் இரண்டு பங்கு. ஒப்புக்கொடுத்தலும் அப்படித்தான். பதினெட்டு வருடத்துக்கு முன் செய்த ஜெபம் இன்றைக்குப் போதாது. ஆமென் சொன்னதும் பாரத்தைத் திரும்பத் தூக்கிக்கொள்கிறீர்களா? நாளைக் காலையில் திரும்ப இறக்கி வையுங்கள். தினமும் இறக்கி வைப்பது தோல்வி அல்ல, அதுதான் வழக்கம்.

இந்த வாரம் இதைச் செய்து பாருங்கள். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் உங்கள் கையால் செய்ய முடிந்ததை எழுதுங்கள். கல்லூரி எது என்று விசாரிப்பது, கட்டணம் எவ்வளவு என்று கேட்பது, படித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று பார்ப்பது. வலது பக்கம் உங்கள் கையில் இல்லாததை எழுதுங்கள். அவன் மனசு, அவன் எதிர்காலம், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பது. இடது பக்கத்தை இன்றே செய்யத் தொடங்குங்கள். வலது பக்கத்தை ஆண்டவரிடம் படித்துக் காட்டுங்கள், ஒவ்வொரு வரியாக.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கேட்டரிங் ஏன் பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள். அவன் முடிவு சரியாகவும் இருக்கலாம், அவசரமாகவும் இருக்கலாம். அதைக் கேட்காமல் உங்களுக்குத் தெரியாது. உயிர்த்தெழுந்த இயேசு திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, இரவெல்லாம் வலைவீசிக் களைத்துப்போன சீடர்களைச் சாப்பிட அழைத்தார் என்று யோவான் எழுதுகிறார். சமைத்துப் பரிமாறுவதை நம் ஆண்டவர் சிறிய வேலையாக நினைக்கவில்லை.

ஜெபம்: பிதாவே, எங்கள் பிள்ளைகளை உம்மிடம் கொடுக்கிறோம். அவர்களுக்காக நாங்கள் போட்ட கணக்குகளையும் கொடுக்கிறோம். இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் செய்யப் பெலன் தாரும். மற்றதை உம்மிடம் விட்டுவிட்டுத் தூங்க உதவி செய்யும். ஆமென்.